'கதைகள்' என்ற வகையில்

பயந்தவர்கள் எழுத வரக் கூடாது என்று விஜயகலாவுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள், யார் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்கிற ஆள்தான். வயது முப்பத்தொன்பது. றக்வானையில் பஸ் ஏறி, முக்கால் மணி நேரம் வளைவு வளைவாக மலையேறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி இன்னும் இருபது நிமிடம் நடந்தால் வரும் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறாள். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. பலகையில் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தாலும், தோட்டத்தில் யாரும் அப்படி வாய் வலிக்கச் சொல்வதில்லை.

அட்டைக்கு அவளுக்குப் பயமில்லை. பாம்புக்குக்கூட அவ்வளவாக இல்லை. தோட்டத்து ஆபீஸிலிருந்து வரும் காகிதத்துக்குத்தான் பயம். அவளுக்கு ஒன்பது வயதானபோது அப்படியொரு காகிதம் வீட்டுக்கு வந்தது. அப்பா மூக்கையா பெக்டரியில் யாரோ ஓர் உத்தியோகத்தரை எதிர்த்துப் பேசிவிட்டார். பேசியது இரண்டே வாக்கியம். வேலைப் பதிவில் பெயரை வெட்டினார்கள். வேலை போனால் குடியிருக்கத் தந்த காம்பராவும் போகும் என்பது தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு தெரிந்துவிடும் விஷயம். ஒரே வாரத்தில் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு, மாமா வீட்டுக் காம்பராவின் மூலையில் மூன்று மாதம் ஐந்து பேர் படுத்தார்கள். அந்த மூலையின் ஈர வாடை விஜயகலாவின் மூக்கை விட்டு இன்னும் போகவில்லை.

இப்போது அவள் இருக்கும் காம்பரா அவளுடைய பெயரில்தான் நிற்கிறது. கணவன் கிருஷ்ணராஜ் கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கிறான். மாதம் ஒருமுறை வந்து போவான். மகள் ஷாமிளா பத்தாம் வகுப்பு. விஜயகலாவின் பெயர் வெட்டப்பட்டால் மூன்று பேருக்கும் கூரை இல்லை. இதை அவள் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை நினைத்துக்கொள்வாள், சிலர் சாமியை நினைத்துக்கொள்வது மாதிரி.

இவ்வளவு பயந்தாங்கொள்ளி எப்படி எழுத வந்தாள்? உயர்தரத்தில் தமிழுக்கு நல்ல பெறுபேறு எடுத்தவள், மற்றப் பாடங்கள் காலை வாரிவிட்டன. பிள்ளைகள் மத்தியானம் தூங்கும் ஒன்றரை மணி நேரம் அவளுடையது. கையில் ஃபோன் இருக்கிறது. மனதில் சொல்ல நிறைய இருக்கிறது, நேரே சொல்லத்தான் வாய் வராது. இந்த மூன்றும் சேர்ந்தால் போதாதா?

றக்வானை டவுனில் ஃபோன் கடை வைத்திருக்கும் றிப்தாதான் அவளுக்கு இலவசமாக ஒரு வலைப்பூ திறந்து கொடுத்தாள். 'மலைச்சாரல்' என்று விஜயகலா புனைபெயர் வைத்துக்கொண்டாள். அந்தப் பெயரில் நாட்டில் குறைந்தது நாற்பது பேர் எழுதுவார்கள். ஒளிந்துகொள்ள நல்ல இடம் என்பது அவள் கணக்கு.

ஒரு வருடம் எழுதினாள். பார்வையாளர் எண்ணிக்கை மூன்றைத் தாண்டவில்லை. ஒன்று அவள், ஒன்று ஷாமிளா, ஒன்று றிப்தா.

"அக்கா, டேக் போடாம எழுதினா ஆரு வருவாங்க?" என்றாள் றிப்தா ஒரு ஞாயிற்றுக்கிழமை. "கேட்டகரிங்கிறது உங்க வீட்டு அலமாரி. எந்தத் தட்டுல எது இரிக்கின்னு வந்தவங்களுக்குக் காட்டும். டேக் அப்படியில்ல. அது ரோட்டுல வைக்கிற போர்டு. அந்தச் சொல்லை அமத்துற எல்லாருக்கும், யாரு யாரு எழுதினதோ எல்லாம் ஒரே பக்கத்துல வந்து நிக்கும். உங்களைத் தெரியாதவன்கூட அதால உள்ள வருவான்."

விஜயகலா வீட்டுக்கு வந்து, தோட்டம், தேயிலை, மழை, தாய், வாழ்க்கை, கண்ணீர் என்று ஒரு பதிவுக்கு இருபத்தாறு குறிச்சொற்களைப் போட்டாள். ஒரு ஈ காக்கை வரவில்லை. பதினைந்துக்கு மேல் போட்டால் அந்தத் தளம் அதைக் குப்பை என்று நினைத்துப் பொதுப் பக்கத்திலேயே காட்டாதாம். றிப்தா பிறகு தேடிப் பார்த்துச் சொன்னாள். அடுத்த தடவை அடக்கமாக 'கவிதை' என்று மட்டும் போட்டாள். அந்தப் பக்கத்தில் அவள் கவிதை ஏறி இரண்டு நிமிடம் நின்றிருக்கும். அதற்குள் உலகத்துத் தமிழர் எல்லோரும் கவிதை எழுதி அதைக் கீழே தள்ளிவிட்டார்கள். பெரிய சொல்லில் போட்டால் கூட்டத்தில் காணாமல் போகிறோம், சின்னச் சொல்லில் போட்டால் நாலு பேராவது நின்று பார்ப்பார்கள் என்று அவளுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது.

வகைகளை மூன்றாக வைத்துக்கொண்டாள்: கவிதைகள், கதைகள், நடந்தவை.

இனி ஒரு சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைக் காம்பரா மலையை வெட்டிய தட்டில் நிற்கிறது. பின்பக்க மேட்டைத் தாங்கிக்கொண்டு வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் கட்டு ஒன்று, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. அதற்கும் பிள்ளைகள் தூங்கும் அறைக்கும் நடுவே ஒரு பாய் அகலம் இடம்தான். தை மாதம் அந்தக் கட்டில் நெடுக ஒரு வெடிப்புக் கண்டது. லக்ஷிகா என்று இரண்டரை வயதுப் பெண், எதைக் கண்டாலும் ஒளித்து வைக்கும் சாதி, அந்த வெடிப்பில் டொஃபித் தாளைச் செருகி வைத்தாள். சித்திரையில் விரலை விட்டாள். ஆவணியில் உள்ளங்கை முழுவதும் போய் வந்தது. கட்டு நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நிற்பதையும் விஜயகலா கண்டாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் மூன்று முறை சொன்னாள். பரிசோதனைக்கு வந்த உத்தியோகத்தரிடம் சொன்னாள். வருகைப் புத்தகத்தின் குறிப்புப் பகுதியில் எழுதினாள். "பார்ப்போம்" என்றார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் எத்தனை வருடத்தை வேண்டுமானாலும் ஓட்டலாம். நாலாம் தடவை சொல்லப் போனபோது கணக்கப்பிள்ளை, "ஏம்மா, வேலை பாக்கப் புடிக்கலியா ஒனக்கு?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். விஜயகலாவுக்கு மாமா வீட்டு மூலை ஞாபகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

வாயால் சொல்ல முடியாததை ஐப்பசி மாதத்து மத்தியானம் ஒன்றில் ஃபோனில் தட்டினாள். 'விரல் போன இடத்தில் கை போகிறது' என்று தலைப்பு. டொஃபித் தாளிலிருந்து உள்ளங்கை வரை ஒன்றுவிடாமல் எழுதினாள். தோட்டத்தின் பெயர் இல்லை, ஆட்களின் பெயர் இல்லை. வகை: நடந்தவை. குறிச்சொல் என்ன போடுவது என்று யோசித்தபோதுதான் அவளுக்கு அந்த அருமையான யோசனை வந்தது.

தோட்டத்துக்கு ஆபீஸ் காகிதத்தில் ஓர் இங்கிலீஷ் பெயர் உண்டு: ஹார்ட்வெல். லயத்து ஆட்கள் யாருக்கும் அது நாவில் வராது. பழைய பெக்டரிக்குப் பக்கத்தில் பெரிய மரமொன்றில் வௌவால்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குவதால் அவர்களுக்கு அது நாலு தலைமுறையாக வவ்வாத்தோட்டம். கல்யாணப் பத்திரிகையிலும் கோயில் நோட்டீஸிலும் அந்தப் பெயர்தான். தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தெரியாது. கொழும்பிலுள்ள கம்பனிக்குத் தெரியாது. எந்த வரைபடத்திலும் இல்லை. ஆகவே 'வவ்வாத்தோட்டம்' என்று போட்டால் ஒருவருக்கும் பிடிபடாது என்று முடிவு செய்து, அதை மட்டும் ஒற்றைக் குறிச்சொல்லாகப் போட்டு, பதிவை ஏற்றிவிட்டுப் பிள்ளைகளுக்குப் பால் கரைக்கப் போனாள்.

வெளியாட்களுக்குத் தெரியாத பெயர் என்றால் உள்ளாட்களுக்கு மட்டும் தெரிந்த பெயர். இந்தச் சின்ன விஷயம் அவள் மண்டையில் ஏறவில்லை. வேலைக்குப் போன இடத்தில் ஊர் ஞாபகம் வந்தால் ஹார்ட்வெல் என்றா தேடுவார்கள்? வெள்ளவத்தையில் கடையில் நிற்கும் பையனும், கத்தாரில் லொறி ஓட்டுபவனும், அந்தக் காலத்தில் கப்பலேறிப் போய்க் கூடலூரில் குடியிருப்பவர்களின் பேரன்களும் வவ்வாத்தோட்டம் என்றுதான் தட்டுவார்கள். தட்டினால் உலகம் முழுவதிலும் அந்தச் சொல்லின் கீழ் நின்றது ஒரே ஒரு பதிவு.

முதல் நாள் ஒன்பது பேர் வந்தார்கள். விஜயகலா சந்தோஷப்பட்டாள். இரண்டாம் நாள் எழுபத்தொன்று. யாராவது ஃபோனில் விளையாடுகிறார்களோ என்று நினைத்தாள். மூன்றாம் நாள் முந்நூற்று நாற்பது. எங்கிருந்து வருகிறார்கள் என்று காட்டும் பக்கத்தைத் திறந்தாள்: இலங்கை, கத்தார், இந்தியா, குவைத். எதால் வந்தார்கள் என்ற இடத்தில் வரிசையாக ஒரே சொல், வவ்வாத்தோட்டம், வவ்வாத்தோட்டம். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளை அழவில்லை, அவளுக்குத்தான் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அன்று பின்னேரம் பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போனால் அங்கே அதே பேச்சு. ஊர் விட்டுப் போனவர்கள் அந்த இணைப்பை வாட்ஸப்பில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"நம்ம புள்ளக் காம்பராவப் பத்தி யாரோ எழுதியிருக்காங்களாம்" என்றாள் ஒருத்தி. "கட்டு விழப் போவுதாம்."

"யாரு எழுதினதாம்?"

"பேரு போடலியாம். உள்ளுக்குள்ள இருக்குற ஆளுதான்."

விஜயகலா வாளி நிறைந்து வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் அவளைச் சந்தேகப்படவில்லை. வாயில்லாப் பூச்சி என்று பெயர் வாங்கி வைத்தது அன்று உதவியது. ஆனாலும் யாரும் கூப்பிடுவதற்குள் வாளியைத் தூக்கிக்கொண்டு படி ஏறிவிட்டாள்.

அடுத்த நாள் காலை இருபத்திரண்டு பிள்ளைகளில் பதினான்கு பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்த நாள் ஆறு. தாய்மார் முறை வைத்து ஒருத்தி வீட்டில் நின்று நாலைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். மலையில் ஆள் குறைந்தது. ஆள் குறைந்தால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் துரை வருவார்.

வந்தார். கணக்கப்பிள்ளை பின்னால் குடை பிடித்து வந்தார். துரை காலணி கழற்றாமல் வாசலில் நின்று, ஃபோனை நீட்டி, "கவுத மேக்க லிவ்வே?" என்று கேட்டார். யார் இதை எழுதியது என்று கணக்கப்பிள்ளை தமிழில் சொல்வதற்கு முன்பே அவளுக்கு விளங்கிவிட்டது. சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"தன்னே நே, சேர்" என்றாள், தெரியாது என்று.

துரை கத்தவில்லை. கணக்கப்பிள்ளையிடம் திரும்பி, எழுதியவனைக் கண்டுபிடிக்கச் சொன்னார், அவனுக்கு இந்தத் தோட்டத்தில் வேலையும் இல்லை காம்பராவும் இல்லை என்றார். 'அவன்' என்றார். ஒரு பெண்பிள்ளை எழுதியிருக்கக் கூடும் என்று அவருக்குத் தோன்றவில்லை போலும். கட்டைப் பார்க்கப் பின்பக்கம் போவார் என்று விஜயகலா காத்திருந்தாள். போகவில்லை. வெளியில் மழை தூறிக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி கிருஷ்ணராஜ் ஃபோன் எடுத்தபோது, "நீயா எழுதின?" என்று நேரே கேட்டான். அவனுக்கு அவள் எழுத்து தெரியும்.

"ஆமா."

கடையில் யாரோ இரும்பு அறுக்கும் சத்தம் கேட்டது. "எங்கக் கொண்டுபோய் வைக்க ஒங்க ரெண்டு பேரையும்? நான் படுக்கிறதே கடைக்கு மேல எட்டுப் பேரோட" என்றான். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் றக்வானைக்குப் போனாள். றிப்தா கடைக் கதவைப் பாதி திறந்திருந்தாள்.

"அழிச்சிடு றிப்தா" என்றாள் விஜயகலா. "எல்லாத்தையும் அழிச்சிடு."

"அழிச்சா குத்தம் செஞ்ச ஆள் பயந்துட்டாருன்னு தெரிஞ்சிரும் அக்கா. படமும் புடிச்சி வச்சிருப்பாங்க." றிப்தா கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். "டேக்கை எடுத்தாலும் இனிப் பிரயோசனமில்ல, லிங்க் எல்லார்ட கையிலயும் போயிட்டு. ஒண்டு செய்வம். இதை 'நடந்தவை'ல இருந்து தூக்கி 'கதைகள்'ல போட்டிருங்க. பக்கத்தைத் திறந்தா தலைப்புக்கு மேலயே 'கதைகள்'னு வந்து நிக்கும். நாளைக்கு உங்களைப் பிடிச்சாக்கூட, நான் கதை எழுதினேன் சேர்ன்னு சொல்லலாம். கதை எழுதினதுக்கு ஆர வேலையால தூக்க ஏலும்?"

விஜயகலா அந்தச் சிறிய பெட்டியை அமத்தினாள். ஒரு குறியீடு ஓரிடத்தில் போய் இன்னோரிடத்தில் வந்தது. எழுதியதில் ஓர் எழுத்து மாறவில்லை. அதே டொஃபித் தாள், அதே விரல், அதே உள்ளங்கை. மேலே மட்டும் 'கதைகள்'.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். நாலு நாளில் அதுதான் முதல் தூக்கம்.

திங்கட்கிழமை விடியும்போதே மழை. சாதாரண மழையில்லை, எதிர் லயம் தெரியாத மழை. யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு காம்பராவைத் திறந்தாள். ஆறே முக்காலுக்கு முதல் பிள்ளை வந்தது. பிறகு இரண்டு, பிறகு ஐந்து. தாய்மார் மழைக்குப் படங்குச் சீலையை இடுப்பில் கட்டி, பிள்ளையை முரட்டுத் துணி ரெட்டுக்குள் பொத்தி எடுத்து, வரிசையாகப் படி ஏறி வந்தார்கள். ஏழு மணிக்கு இருபத்திரண்டு பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

லக்ஷிகாவைக் கையில் கொடுத்தபோது அவள் தாய் இலட்சுமி சிரித்தாள். "வீணாப் பயந்து போனோம் கலாக்கா. அது கதையாமே. இவ அப்பா நேத்து அந்தியில மறுபடி தொறந்து பாத்தாராம். மேலயே கதைகள்னு போட்டிருக்குன்னார். எவனோ கற்பனையில எழுதினதுக்கு நாலு நாள் பேர் விழாமச் சம்பளம் போச்சு."

"எல்லாரும் அப்படியா சொல்றாங்க?"

"எல்லாருந்தான். கதைன்னா விட்டுத் தள்ளுன்னு தொரைகூடச் சொல்லிட்டாராம்."

விஜயகலா தப்பித்துவிட்டாள். அவள் கேட்டதும் அதைத்தானே? வேலை இருக்கிறது, காம்பரா இருக்கிறது, ஷாமிளா பரீட்சை எழுதுவாள். நிம்மதி வரவில்லை. குறிச்சொல் வந்து அந்தத் தாய்மாரை எச்சரித்தது. அவள் போட்ட வகை, ஒன்றுமில்லை போங்கள் என்று சொல்லி, அத்தனை பிள்ளைகளையும் கட்டுக்கடியில் திருப்பிக் கொண்டுவந்து விட்டது. துரை செய்யவில்லை, கணக்கப்பிள்ளை செய்யவில்லை. அவள் கட்டைவிரல் செய்தது.

தாய்மார் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்துக்கு இறங்கிப் போனார்கள். பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினால் லக்ஷிகாவைக் காணோம். பின்கதவு திறந்திருந்தது. பிள்ளை கட்டோடு ஒட்டி நின்று, வெடிப்புக்குள் முழங்கை வரை விட்டுக்கொண்டிருந்தது. விஜயகலா ஒரே பாய்ச்சலில் போய் இழுத்தாள். பிள்ளையின் கை முழுவதும் சேறு. வெடிப்பிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது, தேத்தண்ணீர் நிறத்தில். அதுவரை மழைக்கு அங்கே கசிந்தது தெளிந்த தண்ணீர், இது மேட்டு மண் கரைந்து வரும் தண்ணீர்.

பால் பொங்கி அடுப்பு அணைந்ததை அவள் கவனிக்கவில்லை. கைப்பிள்ளைகள் நாலு பேரை உதவிக்கு நின்ற பெண்ணிடம் இரண்டும் தன்னிடம் இரண்டுமாகத் தூக்கி, மற்றவர்களை ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்க வைத்து, மழையில் இறக்கினாள். முந்நூறு அடி தள்ளி, மேடில்லாத வெளியில் மாரியம்மன் கோயில் மண்டபம். இரண்டு நடை போக வேண்டியிருந்தது. இரண்டாம் நடையில் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பிள்ளைகளின் அழுகை பிரட்டுக்களத்துக்குக் கேட்டிருக்க வேண்டும். தாய்மார் ஓடி வந்தார்கள். கணக்கப்பிள்ளையும் வந்தார்.

"என்ன செய்ற விஜயகலா? யாரு கேட்டு வெளிய எடுத்த?"

அவள் இலட்சுமியைப் பார்த்துத்தான் பேசினாள். கணக்கப்பிள்ளையைப் பார்த்தால் வாய் வராது என்று அவளுக்குத் தெரியும்.

"அது கதையில்ல இலட்சுமி. நான்தான் எழுதினேன். எல்லாம் நடந்தது. பயத்துல நேத்துதான் கதைன்னு மாத்திப் போட்டேன்."

இலட்சுமி தன் பிள்ளையின் சேறு படிந்த கையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு விஜயகலாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்தான் இருந்தது. விஜயகலா அதைத் தாங்கிக்கொண்டு நின்றாள்.

"சாவியக் குடு" என்றார் கணக்கப்பிள்ளை.

"குடுக்க மாட்டேங்க ஐயா. நீங்க முதல்ல கட்டைப் போய்ப் பாருங்க."

இரண்டு வாக்கியம். அப்பா பேசியதும் அவ்வளவுதான். கணக்கப்பிள்ளை அவளை ஒரு நிமிடம் முறைத்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு தனியாகப் போனார். காம்பராவைச் சுற்றிப் பின்பக்கம் மறைந்தார். திரும்பி வந்தபோது குடை மடக்கியிருந்தது, வலது கை கைக்கடிகாரப் பட்டி வரை சேறாகியிருந்தது. மண்டபத்துக் கூரையிலிருந்து வழிந்த தண்ணீரில் அந்தக் கையை வெகுநேரம் கழுவினார்.

தாய்மாரைப் பார்த்து, "புள்ளைங்க இங்கயே இருக்கட்டும்" என்றார். பிறகு விஜயகலாவை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீதான்னு ஆபீஸுக்குப் போயிரும். அதை நான் மறைக்க ஏலாது, இத்தனை பேர் கேட்டாச்சு. வியாழக்கிழமை விசாரணை வைப்பாங்க. அங்க வந்து, அது கதைங்க சேர்னு ஒரே வார்த்தை சொல்லிரு. மேலயும் அப்படித்தான் போட்டிருக்கே. நானும் ஒனக்காகச் சொல்றேன். வேலை தப்பும்."

அந்த மனிதர் நல்ல மனதோடுதான் சொன்னார். விஜயகலாவுக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. அந்த ஒரு வார்த்தையில் கூரை இருக்கிறது, ஷாமிளாவின் படுக்கை இருக்கிறது, கிருஷ்ணராஜ் வந்து இறங்க ஒரு வாசல் இருக்கிறது.

"கதைன்னு நான் சொன்னா" என்றாள், "வெள்ளிக்கிழமை இருபத்திரண்டு புள்ளைகளும் அங்கயே திரும்பி வந்துருங்க ஐயா."

அவர் மடக்கிய குடையை மறுபடி விரித்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் இறங்கினார்.

அவள் மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, ஃபோனைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். ஈரத்தில் இரண்டு தடவை வேறெதையோ அமத்தினாள். 'கதைகள்' என்ற பெட்டியிலிருந்து குறியை எடுத்தாள். 'நடந்தவை'யில் போட்டாள். குறிச்சொல்லில் வவ்வாத்தோட்டத்துக்குப் பக்கத்தில், துரைக்கும் கம்பனிக்கும் தெரிந்த பெயரையும் போட்டாள், ஹார்ட்வெல். மலைச்சாரல் என்றிருந்த இடத்தில் விஜயகலா மூக்கையா என்று எழுதினாள். சேமிக்கட்டுமா என்று கேட்டது. ஆம் என்றாள்.

பிறகு பார்வையாளர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன வாரம் அந்த எண் ஏறுவதைப் பார்க்கப் பயந்தவள், இன்று அது ஏறாமல் நின்றுவிடுமோ என்று பயந்தாள். முதலில் புதிதாக ஒன்று என்று காட்டியது. தலையை நிமிர்த்தினால், மண்டபத்து மறுபக்கத்தில் இலட்சுமி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஃபோனை வாசித்துக்கொண்டிருந்தாள். எழுத்துக் கூட்டி, விரலை வரியின் மேல் நகர்த்தி, மெதுவாக.

வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. சாவி விஜயகலாவின் இடுப்பில்தான் இருக்கிறது.